கடலில் இல்லாத சிவப்புப் படகு

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன கிழமை, புத்தளத்துக்கு அப்பால், காடு முடிந்து கடல் தொடங்குகிற ஓர் இடத்தில் நின்றுகொண்டு, "அப்பா, அந்தா பாருங்க, செவப்புப் படகு" என்றேன். அப்பா கையை நெற்றிக்கு மேல் வைத்துப் பார்த்தார். "ஆமா, பெருசுதான்" என்றார்.

கடலில் படகு எதுவும் இல்லை.

என்னிடம் உள்ளது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இந்த இடத்துக்கு உங்களைக் கூட்டிவருவதற்காக எழுதுகிறேன்.

என் பெயர் கெத்தரின். பகலில் மாத்தளை டவுனில் போட்டோகொப்பிக் கடையில் வேலை. ஞாயிறு பின்னேரங்களில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் நடக்கிற எழுத்து வகுப்புக்குப் போகிறேன். தினமும் டயரி எழுதுகிற ஆள் நான். வானிலை முதலில், சாப்பாடு கடைசியில், நடந்தது நடுவில். கதை எழுதியதில்லை. லீவுக்கு முன்னால் மகேஸ்வரன் சேர் 'ஒரு குடும்பப் பயணம்' என்று தலைப்புக் கொடுத்தார். கூடவே ஒரு விதியும் சொன்னார்: "வெட்டினத மறைக்காதீங்க. எந்த எடத்துல தடுமாறுனீங்கன்னு எனக்குத் தெரியணும்." அதனால் வெட்டியவற்றை அடைப்புக்குள் அப்படியே விட்டிருக்கிறேன்.

[பாடசாலை விடுமுறையில் நாங்கள் குடும்பமாக வில்பத்து தேசியப் பூங்காவுக்குச் சென்று மிக மகிழ்ச்சியாக]

அந்தச் சொல்லோடு நின்றுவிட்டேன். அது பொய் இல்லை. மகிழ்ச்சியாகத்தான் இருந்தோம். அதனால்தான் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

[என் அப்பாவுக்குக் கண் தெரியாது.]

இதையும் வெட்டினேன். எனக்கு அது உறுதியாகத் தெரியாது. தெரிந்திருந்தால் கதை எதற்கு?

2

ஆட்களைச் சொல்கிறேன்.

அப்பா நோபர்ட். ஸ்கூல் வான் ஓட்டுகிறார். காலையில் யட்டவத்தைப் பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றி, வளைவு வளைவான அந்தப் பாதையில் மாத்தளைக்குக் கொண்டுவந்து விடுவார். பகலில் திரும்பக் கூட்டிப்போவார். மிச்ச நேரம் வாடகைக்கு ஹயர் ஓடுவார். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது அந்த வானால்தான்.

அம்மா மரிய கொறற்றி. அண்ணன் றெக்சன் கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறான். எதையும் பகிடி பண்ணிச் சிரிக்காமல் அவனால் இருக்க முடியாது.

பயணத்துக்கு வராத ஒருவரும் கதையில் இருக்கிறார். ஹமீமா அக்கா. வகுப்பில் என் பக்கத்துக் கதிரையில் உட்காருபவர். அவருடைய மகள் அஸ்ரா எங்கள் வானில்தான் பள்ளிக்கூடம் போகிறாள். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். மறந்துவிடாதீர்கள்.

எங்கள் குடும்பத்தில் இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒன்று ரேடியோ. வானில் அம்மா முன் சீட்டில் இருப்பார், வாய் ஓயாது. "முன்னால லொறி நிக்கிது. சைக்கிள்காரன் வாறான். நாயி, நாயி. பஸ்காரன் நிப்பாட்டப் போறான் பாருங்க." றெக்சன்தான் அந்தப் பெயரை வைத்தான். அப்பாவும் சிரிப்பார்: "என்னா செய்ய, இந்த ரேடியோவுக்கு சுவிச்சி இல்ல."

மற்றது பலகை விளையாட்டு. ரோட்டோரப் பலகையை முதலில் வாசித்துச் சொல்பவருக்கு அப்பா ஒரு டொபி கொடுப்பார்.* நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே தொடங்கியது. நான்தான் அதிகம் வெல்வேன். சிங்களம் வாசிக்கப் பழகியதே அதனால்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

* அப்பா தானே வாசித்தால் டொபி அவருக்கு என்றும் ஒரு விதி இருந்தது. அவர் டொபி தின்றதாக எனக்கு ஞாபகம் இல்லை. சீனி வருத்தம் என்று நினைத்திருந்தேன். சீனி வருத்தம் அம்மாவுக்குத்தான்.

3

பயணம் அம்மாவின் ஆசை. தலவில சந்தன மாதா கோயிலில் ஒரு நேர்த்தி இருக்கிறது என்றார். என்ன நேர்த்தி என்று சொல்லவில்லை. றெக்சன், "அப்ப பக்கத்துலயே வில்பத்து, அதையும் பாத்துட்டு வருவோம்" என்றான். வானில் சோற்றுப் பார்சல், பாய், கோழி பொரியல் ஏறின. பொரியல் சட்டிக்குள் அம்மா ஒரு கரித்துண்டு வைத்தார். காட்டுப் பாதையில் பொரித்தது கொண்டுபோனால் பின்னால் ஏதாவது தொத்திக்கொண்டு வருமாம்.

"மாதாகிட்ட போறோம், கரித்துண்டு எதுக்கு?" என்றான் றெக்சன்.

"மாதா கோயில்ல இருப்பா. ரோட்டுக்குக் கரிதான்" என்றார் அம்மா.

குருநாகலைத் தாண்டிப் புத்தளம் ரோட்டில் ஏறியதும் பலகை விளையாட்டு தொடங்கியது. வளர்ந்த பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேரும் கத்திக் கத்தி வாசித்தோம். றெக்சன் வேண்டுமென்றே பிழையாக, "மாத்தளை, நூறு மீற்றர்" என்றான். அப்பா பிரேக்கில் கால் வைத்து, "ஆ?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார்.

[அந்தச் சிரிப்பு ஒரு கணம் பிந்தி வந்தது.]

வெட்டுகிறேன். இது இப்போது எனக்குத் தோன்றுவது. அன்றைய டயரியில் 'றெக்சன் ஏமாத்தினான், நல்ல சிரிப்பு' என்றுதான் இருக்கிறது. நடந்தது பழைய நாள், எழுதுகிறவளுக்கு இருப்பது புதிய சந்தேகம். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டால் யாரை நம்புவீர்கள்?

4

பூங்காவுக்குள் சொந்த வானில் போகவில்லை. ஜீப் பிடித்தோம். ஓட்டியவர் ஹாஷிம் என்ற புத்தளத்துக்காரர். அப்பா ஓட்டாமல் ஒரு வாகனத்தில் இருப்பதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன். பின் வரிசையில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, சும்மா இருக்கிற கால் பிரேக்கைத் தேடுவது போல அசைய, வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி இருந்தார்.

காட்டுக்குள் எல்லோருக்கும் ஒரே வேலைதான்: பார்ப்பது. அதை நான் யோசித்திருக்கவில்லை.

வில்லு என்று சொல்கிற இயற்கைக் குளம் ஒன்றின் கரையில் ஹாஷிம் ஜீப்பை நிறுத்தினார். "அண்ணே, அந்தக் கரையில கொம்பன் ஒண்டு நிக்கிது, பாருங்க." வெட்டவெளி. மறைக்க ஒரு செடி இல்லை. றெக்சன் போனைத் தூக்கினான். அம்மா சிலுவை போட்டார். அப்பா, "ஆகா, என்னா ஒரு மிருகம்" என்றார். அவர் முகம் நேராக இருந்தது. யானை இடப் பக்கம் நின்றது.

அம்மா அப்பாவின் முழங்கையைத் தொட்டார். அப்பாவின் முகம் இடப் பக்கம் திரும்பியது.

இதோடு கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் முடியவில்லை. குளத்தைத் தாண்டிப் போகிற வழியில் பாலை மரங்கள் அடர்ந்த ஓர் இடத்தில் அப்பா திடீரென்று, "நிப்பாட்டுங்க தம்பி. கரடி" என்றார்.

ஹாஷிம் நிறுத்தினார். ஒன்றும் இல்லை. "எங்க அண்ணே?"

"அந்தப் பத்தைக்குள்ள."

"அப்பாவுக்குப் பசி. கோழிச் சட்டி கரடியாத் தெரியுது" என்றான் றெக்சன்.

பற்றைப் புதர் அசைந்தது. கரடி வெளியே வந்தது. எங்களைப் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் பாதையைக் குறுக்கே கடந்து போனது.

ஹாஷிம் திரும்பி அப்பாவைப் பார்த்தார். "இவ்வளவு வருஷமா காட்டுக்குள்ள ஓடுறன். எனக்குத் தெரியல்ல. அண்ணே, வானை வித்துட்டு இங்க வந்திருங்க."

அப்பா அந்தப் பின்னேரம் முழுக்கப் பெருமையாக இருந்தார்.

சொல்லுங்கள். வெட்டவெளியில் நின்ற யானையைக் காணாத மனிதர், பற்றைக்குள் இருந்த கரடியைக் கண்டார். காட்டுப் பக்கத்து லக்கலைக்கு ஹயர் ஓடிய நாட்களில், வளைவுக்கு முன்பே நிறுத்தி, "ஆன நிக்கிது, வாசம் வருது" என்பாராம். கூடப் போனவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். அப்போதும் மூக்கால்தான் ஓட்டினாரா? அல்லது நல்ல மூக்கும் நல்ல கண்ணும் உள்ள மனிதர் ஒரு யானையை மட்டும் தவறவிட்டாரா?

இந்தப் பாத்திரத்தை நான் சரியாகப் படைக்கவில்லை என்று சேர் சொல்லக்கூடும். படைத்தது நான் இல்லையே சேர்.

5

அதே நாள், காடு முடிகிற கடற்கரை.

முதல் பிரதியில் இங்கே உண்மையாகவே ஒரு படகு வைத்திருந்தேன். சிவப்புப் பெயின்ட் அடித்த மீன் வள்ளம், அதில் இரண்டு பேர். அப்பா அதைப் பார்த்து, "பெருசுதான்" என்றார். அழகான பந்தி. வாசித்தபோது நெஞ்சு இலேசாகியது. ஒரு நாள் முழுவதும் அந்தப் படகை அங்கேயே விட்டு வைத்தேன்.

பிறகு எடுத்துவிட்டேன். கடல் வெறுமையாகத்தான் இருந்தது.

அம்மாவும் றெக்சனும் தண்ணீருக்குள் இறங்கியிருந்தார்கள். அப்பாவும் நானும் மேட்டில். செம்மண் காலில் ஒட்டியது. காற்று பலம். யானை நின்ற பக்கமே என் மனம் போய்க்கொண்டிருந்தது. நேரே கேட்டிருக்கலாம். "அப்பா, ஒங்களுக்குக் கண்ணு தெரியுதா" என்று கேட்க ஒரு மூச்சுப் போதும். எனக்கு வாய் வரவில்லை, படகுதான் வந்தது.

"ஆமா, பெருசுதான்" என்ற பிறகு அப்பா இன்னும் ஒன்று சொன்னார். "ஒனக்கு நல்ல கண்ணு மகள். சின்னதுலயே நீதான் எல்லாத்தையும் மொதல்ல பாப்ப."

இங்கேதான் எனக்கு இன்னும் குழம்புகிறது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மேகத்தைக் காட்டி முயல் என்பேன், பாறையைக் காட்டி ஆமை என்பேன். அப்பா எப்போதும் "ஆமா" என்றுதான் சொல்லியிருக்கிறார். ஒரு நாளும் இல்லை என்றதில்லை. அந்த மேட்டில் அவர் சொன்னது கண் தெரியாதவரின் "ஆமா"வா? மகள் காட்டினால் எதையும் ஒத்துக்கொள்கிறவரின் "ஆமா"வா?

நான் வைத்த சோதனையே பிழை. பதில் வந்தும் பிரயோசனம் இல்லை.

6

தலவில கோயில் கடைகளில் மெழுகுதிரிக்குப் பக்கத்தில் நேர்த்திப் பொருள்கள் இருந்தன. மெல்லிய தகட்டில் கை, கால், இதயம், குழந்தை, கண். எந்த உறுப்புக்காக வேண்டுகிறோமோ அதை வாங்கிக் கோயிலில் வைக்க வேண்டும்.

[அம்மா ஒரு சோடிக் கண் வாங்கினார்.]

நான் அதைப் பார்க்கவில்லை. அம்மா தனியாகக் கடைக்குப் போனார், கையை மூடிக்கொண்டு கோயிலுக்குள் போனார், திறந்த கையோடு வெளியே வந்தார். மூடிய கைக்குள் என்ன இருந்தது என்று எழுத்தாளர் ஒருவருக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாது. காலாகவும் இருக்கலாம். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு.

அடுத்த நாள் கற்பிட்டிக்குப் போய்க் கருவாடு வாங்கிக்கொண்டு திரும்பினோம். நல்ல வெயில். சாப்பிட்ட களைப்பில் அம்மா தூங்கிவிட்டார்.

ரேடியோ நின்றுவிட்டதை நான் கவனிக்கவில்லை. ஒரு வசதியான அமைதி, அவ்வளவுதான். நேரான ரோட்டில் ஒரு கழுதை நின்றது. அந்தப் பக்கத்தில் கழுதைகள் ரோட்டில் நிற்பது சாதாரணம். நான் பின் சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா வேகத்தைக் குறைப்பார் என்று காத்திருந்தேன். கழுதை பெரிதாகிக்கொண்டே வந்தது.

"அப்பா!"

பிரேக். கருவாட்டுப் பை முன்னுக்குப் பறந்தது. கழுதை எங்கள் முகப்புக்கு முன்னால், தொடுகிற தூரத்தில், தலையைக் கூடத் திருப்பாமல் நின்றது.

"நகரும்னு பாத்தேன்" என்றார் அப்பா. "பிடிவாதம் புடிச்ச சாமான்."

"அது மாத்தளைக்குப் போற பஸ்சுக்கு நிக்கிது. பாவம்" என்றான் றெக்சன்.

அம்மா விழித்துக்கொண்டார். சிரிக்கவில்லை. சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரைட்ல மோட்டபைக். முன்னால ஒன்னும் இல்ல. போங்க." வீடு வரும் வரைக்கும் அவர் கண் மூடவில்லை.

7

வீட்டுக்கு வந்த பிறகு மூன்று பேரிடமும் கேட்டேன். கேட்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

றெக்சனிடம் போனில். "நாங்க பாத்த எல்லாத்தையும் அப்பாவும் பாக்கணுமா? கரடிய நீ பாத்தியா? அப்ப ஒனக்குந்தான் கண்ணு தெரியல."

அம்மாவிடம் குசினியில். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"அப்பாவுக்கு தூரம் தெரியுதாம்மா?"

"ஒன்னத் தெரியலன்னு சொன்னாரா?"

"கழுதையத் தெரியலையே."

அம்மா துருவிய தேங்காயை ஒரு பக்கம் தள்ளினார். "பள்ளிக்கூடம் தொறக்கப் போற நேரத்துல இந்தப் பேச்சு எடுக்காத. வானை நிப்பாட்டினா வேற வான்காரன் அடுத்த நாளே பிள்ளைகள ஏத்திருவான். பொறகு திருப்பித் தருவானா? நான் வேண்டியிருக்கேன். நீ சும்மா இரு."

என்ன வேண்டியிருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். தெரிந்துகொள்ள எனக்கு உண்மையிலேயே விருப்பம் இருக்கிறதா என்பதிலும் சந்தேகம் வந்துவிட்டது.

அப்பாவிடம் நேற்று. வானைக் கழுவிக்கொண்டிருந்தார். "கண்ணு செக் பண்ணுவோம்ப்பா. நானும் வாறேன்."

"அடுத்த லீவுக்குப் போவோம்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் பாதை இருக்கிற எடத்துலதானே இருக்கும்? யட்டவத்த ரோட்டு எனக்குக் கண்ண மூடிக்கிட்டும் தெரியும்." சொல்லிவிட்டு, கண்ணாடியில் ஒரு அழுக்கைப் பார்த்து விரலால் சுரண்டினார். அழுக்கு அங்கே இருந்தது. நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். உண்மையாகவே இருந்தது.

8

கதைக்கு முடிவு வேண்டும் என்று சில எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் அப்பா ஆஸ்பத்திரிக்குப் போகிறார். கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறது, எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். அடுத்த பந்தியில் அவர் யட்டவத்தைச் சந்தியில் நின்று தூரத்துப் பலகையை வாசித்து டொபி தின்கிறார். அழுதுவிட்டேன். பிறகு வெட்டினேன். நாளைக் காலைக்கும் அந்தப் பந்திக்கும் நடுவில் வான் எத்தனை நாள் ஓடும் என்பதை நான் எழுதவில்லை.

இன்னொன்றில் அப்பாவுக்கு ஒன்றுமே இல்லை. கழுதையும் நகர்ந்திருக்கும். மகள்தான் வகுப்புக்குக் கதை தேடி அப்பாவைக் குருடராக்குகிறாள். இந்த முடிவு என்னை விட்டுப் போக மறுக்கிறது.

மூன்றாவதில் ஒரு வளைவில்

இல்லை. அதை எழுத மாட்டேன்.

வேஷம் போட்டும் பார்த்தேன். வானை முச்சக்கர வண்டியாக்கினேன். நோபர்ட் பாறூக் ஆனார், யட்டவத்தை பல்லேபொல ஆனது. மகளை மருமகனாக மாற்றினேன். நல்ல கதையாக வந்தது, இதைவிட நன்றாகவே. வகுப்பில் வாசித்தால் எல்லோரும் "பாவம் அந்தப் பாறூக்" என்பார்கள். திங்கட்கிழமை காலையில் அஸ்ரா எங்கள் வானில் ஏறுவாள்.

9

இனி ஹமீமா அக்கா.

லீவு விட முன்னால் வகுப்பு இடைவேளையில், பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவர் சிரித்துச் சிரித்துச் சொன்னார்: "எங்கட அஸ்ராதான் இப்ப நோபர்ட் அங்கிள்ட ரேடியோ. முன் சீட்டு அவளுக்குத்தானாம், வேற புள்ளைய ஏத்த மாட்டாராம். 'அங்கிள், மாடு வருது, அங்கிள், பஸ் வருது' எண்டு போற வழி முழுக்கச் சொல்லணுமாம். பலகை வாசிச்சா டொபியாம். வீட்டுல வாய் மூடச் சொல்லி அடி வாங்குறவ, அங்க வாய்க்கு டொபி வாங்குறா."

நானும் சிரித்தேன். எங்கள் குடும்ப விளையாட்டு இன்னொரு பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். அப்பா பிள்ளைகளோடு விளையாடுகிறவர். அது இன்றைக்கும் பொய்யில்லை.

ஆனால் கழுதைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு எனக்கு வரவில்லை.

10

ஞாயிறு. வெயில் இறங்கவில்லை. வகுப்புக்கு இன்னும் நேரம் இருக்கிறது. நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது.

இன்றைக்கு வாசிக்க வேண்டிய முறை என்னுடையது. வகுப்பு முடிகிற நேரம் அப்பா வானைக் கீழே கொண்டுவந்து நிறுத்துவார். அஸ்ராவை அவளுடைய மாமி வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு வருவார். எப்போதும் போல நாங்கள் எல்லோரும் ஒன்றாகத்தான் போவோம்.

ஹமீமா அக்கா, தொடக்கத்திலிருந்து 'நீங்கள்' என்று நான் எழுதியது உங்களைத்தான். மற்றவர்கள் வாசகர்களாகக் கேட்டுக்கொண்டிருக்கட்டும். உங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள், நீங்கள் அப்படிக் கேட்க முடியாது. நான் அப்பாவைக் காட்டிக்கொடுக்கிறேனா, உங்கள் பிள்ளையைக் காக்கிறேனா, ஒன்றும் இல்லாததைப் பெரிதாக்குகிறேனா என்று எனக்கே விளங்கவில்லை. அதைச் சரியாக விளங்கிக்கொண்டுதான் வாய் திறப்பேன் என்றிருந்தால் நாளை காலையாகிவிடும். அதனால்தான் பெயர்களை மாற்றவில்லை. யட்டவத்தை யட்டவத்தையாகவே இருக்கிறது.

நடுவில் பயந்து நிறுத்திவிட்டு, "சேர், மிச்சம் எழுதல்ல" என்று நான் கதிரைக்குத் திரும்பவும் கூடும். ஆனால் இந்த வரி உங்கள் காதில் விழுகிறது என்றால், நான் நிறுத்தவில்லை.

கீழே இறங்குவோம். அப்பா சிரித்துக்கொண்டு, "வகுப்பு எப்பிடி, எழுத்தாளர்மாரே" என்பார். முன் சீட்டில் அஸ்ரா இருப்பாள். கதவைத் திறப்பது உங்கள் கை. அவளைப் பின்னுக்குக் கூப்பிடுவீர்களோ, நாளையிலிருந்து பஸ் என்பீர்களோ, ஏறி என் அப்பாவின் பக்கத்தில் நீங்களே உட்கார்ந்து "முன்னால ஒண்டும் இல்ல, போங்க" என்பீர்களோ, எனக்குத் தெரியாது. எதைச் செய்தாலும் உங்களோடு கோபிக்க மாட்டேன். நான் உங்களுக்குப் பின்னால் நிற்பேன், அப்பா எங்கள் பக்கம் திரும்புவார், அப்போது அவர் பார்ப்பது